கையில் எத்தனை வேலை?

கடந்த செமஸ்டர் விடுமுறையில் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்குத் தொழிற்பயிற்சிக்குப் போயிருந்தேன். யார் எதைக் கேட்டாலும் "செஞ்சிடறேன்" என்பேன். ஒரு கட்டத்தில் கையில் 12 வேலை, எல்லாமே பாதியில். அதில் ஒன்று, லைனில் வேலை செய்யும் ஓர் அக்காவின் மேசையை உயர்த்துவதற்கான வரைபடம். அரை நாள் வேலைதான். ஆறு நாள் கிடந்தது. அதுவரை அவங்க முதுகுவலியோடு குனிஞ்சே வேலை செஞ்சாங்க. "பரவாயில்ல தம்பி"ன்னு சொன்னதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு.

வகுப்பில் மனப்பாடம் செய்த லிட்டில் விதி அன்றைக்குத்தான் புரிஞ்சது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. கையில் உள்ள வேலைகளை, ஒரு நாளில் முடிக்கும் வேலைகளால் வகுங்கள். ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் நம்மிடம் கிடக்கும் என்று வரும். 12 இருந்து, நாளுக்கு 2 முடிச்சா 6 நாள். 4 மட்டும் இருந்தா 2 நாள். உழைப்பு அதேதான். டொயோட்டாவின் கான்பான் முறையும் இப்படித்தான்: அட்டை வராமல் அடுத்ததைச் செய்யத் தொடங்கக் கூடாது.

அப்போ மீதி 8 எங்கே போகும்? நல்ல கேள்வி. அது மறைந்துவிடாது. ஆனால் எது முதலில் என்று முடிவெடுக்க வேண்டியவர் மேற்பார்வையாளர், நான் இல்லை. கணினித் திரையின் ஓரத்தில் நாலு மஞ்சள் சீட்டு ஒட்டினேன். ஐந்தாவது வந்தபோது பயந்துகொண்டே, "எதை நிறுத்தட்டும்?" என்று கேட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். அவர் ஒரு சீட்டைப் பிய்த்து வேறொருவர் மேசையில் ஒட்டிவிட்டுப் போனார்.