செங்குத்தும் வேண்டும், சிக்கனமும் வேண்டும்

கேள்வி: பீன்யா செகண்ட் ஸ்டேஜில் ஒரு சிஎன்சி கம்பெனியில் டூல் டிசைனராக இருக்கிறேன். சொந்த ஊர் ஓசூர் பக்கம். குல்மார்க்கில் அரசு நிறுவனம் நடத்தும் பனிச்சறுக்குப் பயிற்சியில் பேசிக், இன்டர்மீடியட் இரண்டும் முடித்துவிட்டேன். வாங்கப்போகும் புது மெஷினின் ட்ரையல் பார்க்க, பிப்ரவரி நடுவில் என்னை ஸ்டட்கார்ட் அனுப்புகிறார்கள். விமான டிக்கெட் கம்பெனி கணக்கு. கூடவே ஒரு வாரம் லீவு போட்டு ஆல்ப்ஸில் சறுக்கிவிட்டு வர ஆசை. படுத்த சரிவு அலுத்துவிட்டது, நல்ல செங்குத்தாக வேண்டும். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. போதுமா? எங்கே போகலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: போதும். விமானச் செலவு உங்கள் தலையில் விழாததால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. இடிப்பது அந்தப் பிப்ரவரி நடுதான். பிரான்சில் பள்ளிகளுக்கு வட்டாரம் வட்டாரமாக விடுமுறை விடுவது அந்த மாதத்தில். ஆஸ்திரியாவிலும் மாநிலத்துக்கு ஒரு வாரமாக அப்போதுதான் லீவு. ஜெர்மானியர்களுக்குக் கார்னிவல் விடுமுறை வேறு. எல்லாரும் குழந்தைகளோடு மலையேறிவிடுவார்கள். அறை வாடகை எகிறும், லிஃப்ட்டுக்கு வரிசை நீளும். ட்ரையலை மார்ச் இரண்டாம் வாரத்துக்குத் தள்ள முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். மெஷின் சப்ளையர்கள் சொன்ன தேதியில் முடித்ததாகச் சரித்திரம் இல்லை என்பதால், அது தானாகவே தள்ளிப்போகவும் வாய்ப்புண்டு. மார்ச்சில் பகல் நீளம். வடக்கு பார்த்த உயரமான சரிவுகளில் பனி அப்போதும் கெட்டுப்போகாது. ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இனி செங்குத்து. ஆல்ப்ஸில் சரிவைச் சதவீதத்தில் எழுதுவார்கள். ஆஸ்திரியாவில் மாயர்ஹோஃபென் என்ற ஊரில் ‘ஹராகிரி’ என்றொரு சரிவு, 78 சதவீதம் என்று சொல்லியே பேர் வாங்கியது. டூல் டிசைனருக்கு டேன் தீட்டா சொல்லித்தர வேண்டியதில்லை: நூறு சதவீதம் என்றால் 45 டிகிரி, 78 என்றால் 38. டிராயிங் போர்டில் சாதாரணமாகத் தெரியும் அந்தக் கோணம், மேல் விளிம்பில் நின்று பார்த்தால் அடிவயிற்றைக் கலக்கும். இறுகிய பனியில் அங்கே விழுந்தால் நடுவில் நிற்க மாட்டீர்கள், அடிவாரத்தில்தான் நிற்பீர்கள். சரிவின் கடினத்தைக் காட்டும் நிறத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று போகும் வரிசையில் ஆஸ்திரியாவில் பச்சையே கிடையாது. ஓர் ஊரின் கறுப்பு இன்னோர் ஊரின் சிவப்புக்கு ஈடாகாது.

குல்மார்க்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் உங்களை அபர்வத் மலையில் இறக்கிவிடும் இடம் கிட்டத்தட்ட 3,950 மீட்டர். பிரான்சின் ஷாமோனிக்கு மேலே நிற்கும் புகழ்பெற்ற எகுய் து மிடி சிகரமே 3,842தான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்தப் பனியில் வளர்ந்தவர், ஜயன்ட் ஸ்லாலோமில் 45-ஆவதாக வந்தார். ஆனால் உங்கள் கோர்ஸ் நடந்தது கீழேயுள்ள மென்மையான சரிவுகளில். அங்கே புதுப்பனி மெத்தை மாதிரி, தப்பாகத் திரும்பினாலும் மன்னித்துவிடும். ஆல்ப்ஸில் இரவெல்லாம் எந்திரம் ஓட்டிச் சமன்செய்த கறுப்புச் சரிவு காலை ஒன்பது மணிக்குச் சிமென்ட் தரை போலக் கிடக்கும். அதில் ஸ்கீயின் ஓர விளிம்பு மட்டுமே உங்களைப் பிடித்து நிறுத்தும். எனவே முதல் இரண்டு நாள் சிவப்பில் மட்டும் ஓடுங்கள். நினைத்த இடத்தில் நிற்க வருகிறதா? இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் பக்கவாட்டில் சறுக்கி இறங்க முடிகிறதா? குறுகிய திருப்பங்களை இருபது, முப்பது என்று வேகம் கூடாமல் தொடுக்க முடிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் கறுப்புக்குப் போகலாம். இல்லையென்றால் ஒரு நாள் பயிற்சியாளருக்குப் பணம் கொடுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இடம்? இன்ஸ்ப்ரூக் என்பேன், யோசிக்காமல். 1964, 1976 இரண்டு குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். பல்கலைக்கழக நகரம் என்பதால் ஹாஸ்டல் படுக்கை, சூப்பர் மார்க்கெட், நகரப் பேருந்து எல்லாம் உண்டு. ஸ்கீ கிராமங்களில் பணம் கரைவதே இவை இல்லாததால்தான். ஸ்டட்கார்ட்டிலிருந்து மியூனிக் வழியாக ரயில், முன்கூட்டி எடுத்தால் மலிவு. நகரத்தின் நடுவிலிருந்தே நார்ட்கெட்டெ மலைக்கு ஏறிவிடலாம். உச்சியில் 2,256 மீட்டரில் இருக்கும் ஹாஃபெலெகார் நிலையத்திலிருந்து இறங்கும் தடம் 70 சதவீதம் வரை சரிகிறது, எந்திரம் படாத பனி. காலையில் அங்கே நடுங்கிவிட்டு மதியம் ஊருக்குள் காபி குடிக்கலாம். அந்த மலை சின்னது, வாரம் முழுக்கத் தாங்காது. ஆக்ஸாமர் லிட்ஸும், ஸ்டுபாய் பனியாறு என்று சுற்றுவட்டார மலைகளுக்கும் செல்லும் கூட்டு பாஸ் ஒன்று உண்டு. ஹராகிரி பார்த்தே தீர வேண்டுமென்றால் யென்பாக் வரை ரயிலில் போய், அங்கிருந்து ட்ஸில்லர்டால் பள்ளத்தாக்குச் சின்ன ரயிலைப் பிடிக்கலாம்.

என் கணக்கு இது: ஆறு நாள் லிஃப்ட் பாஸுக்கு 400 யூரோ வரை, ஏழு இரவு ஹாஸ்டலுக்கு 300 சொச்சம், ஸ்கீ, பூட்ஸ் வாடகை 150, சாப்பாட்டுக்கு 150. ரயிலும் சேர்ந்தால் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி வரும். மீதி பயிற்சியாளருக்கும் காப்பீட்டுக்கும்.

திட்டம் போடும் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, பிரான்சின் யு.சி.பி.ஏ. லாபநோக்கில்லாத அமைப்பு, 1965 முதல் நடக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பாஸ், சாமான், பயிற்சி எல்லாம் ஒரே கட்டணம். ஷாமோனி பள்ளத்தாக்கின் ஆர்ஜென்டியேரில் அவர்களுக்கு மையம் உண்டு. அங்குள்ள க்ராண்ட் மோன்டே செங்குத்துப் பிரியர்களின் சொர்க்கம். 2018-இல் நடந்த தீ விபத்துக்குப் பின் உச்சிக்குப் போகும் கேபிள் கார் பல சீசன்கள் இல்லாமலே கழிந்தது. புதியது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். லா க்ராவ் என்று யாராவது ஆசை காட்டினால் இந்தமுறை வேண்டாம். அங்கே சமன்செய்த தடம் கிட்டத்தட்டக் கிடையாது, வழிகாட்டி இல்லாமல் இறங்கவும் கூடாது. சுவிட்சர்லாந்து உங்கள் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் கிளம்புவது 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில். நீங்கள் தேடிப் போகும் கோணமும் அதேதான். குல்மார்க்கிலேயே 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். கம்பு நட்டு எல்லை குறித்த தடத்துக்குள் இருக்கும் வரை உங்கள் பாதுகாப்பை ஊர் பார்த்துக்கொள்ளும். கயிற்றைத் தாண்டினால் நீங்களே பொறுப்பு. பனியில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸ்சீவர், நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் இல்லாமல் தாண்டாதீர்கள். புதைந்தவரைக் காப்பாற்ற முதல் கால் மணி நேரம்தான் உண்டு, ஹெலிகாப்டர் அதற்குள் வராது. ஒன்றிலிருந்து ஐந்து வரை அபாய அளவு தினமும் வெளியாகும். மூன்று என்று போட்டிருந்தால் ‘நடுத்தரம்தானே’ என்று நினைக்க வேண்டாம், உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடப்பது அந்த மூன்றில்.

விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு பனிச்சறுக்கைப் பெரும்பாலும் சேர்க்காது. பாலிசியின் பொடி எழுத்தைப் படித்து, தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கினால் பில் உங்களுக்கே வரும். அந்நாட்டின் மலையேற்றச் சங்கமான ஆல்பென்ஃபெராயினில் வெளிநாட்டவரும் உறுப்பினராகலாம். ஆண்டுச் சந்தாவிலேயே 25,000 யூரோ வரை மீட்புச் செலவு அடங்கும். இவ்வளவு மலிவான நிம்மதி வேறு கிடையாது.

சாப்பாட்டுக்கு வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா பாக்கெட்டுகளை அள்ளிக்கொள்ளுங்கள். நெய்யும் பன்னீரும் கூடாது, பால் பொருளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரியக் கடைகள் மூடியிருக்கும், சனி மாலைக்குள் ரொட்டி வாங்கிவிடுங்கள்.

காலுக்குப் பயிற்சி தும்கூர் ரோட்டிலேயே இருக்கிறது. தாபஸ்பேட்டை தாண்டி சிவகங்கை மலைக்கு ஞாயிறு காலைகளில் போங்கள். தொடையைப் பழக்குவது இறக்கம்தான், ஏறியதைவிட நிதானமாக இறங்குங்கள்.

விசா விஷயத்தில் ஒளிக்க வேண்டாம். ஜெர்மனிதான் முக்கிய நாடு என்பதால் விண்ணப்பம் அங்கேயே, கட்டணம் 90 யூரோ. அலுவலகக் கடிதத்தில் ட்ரையல் நாட்களையும் அதையடுத்த சொந்த லீவு நாட்களையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், இன்ஸ்ப்ரூக் தங்குமிட ரசீதையும் வையுங்கள். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதத்தை எச்.ஆரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.