வளாகத்திற்கு வெளியே இருக்கும் வாசகர்: இளம் நூலகருக்கு ஒரு கடிதம்

பேராதனையில் பணியேற்கும் இளம் நூலகருக்கு,

கொழும்பில் 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாகவே அது மகாவலிக் கரையில் அமைக்கப்பட்டது; விடுதியும் விரிவுரை மண்டபமும் நூலகமும் ஒரே வளாகத்தில் இருந்தமையால், நூலைத் தேடி வாசகரே வந்தார். இன்று ஆய்விதழ்களில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பதிப்பகங்களின் சேவையகங்களில் மின்வடிவில் இருக்க, அவற்றைத் தேடும் வாசகரோ கண்டி தேசிய வைத்தியசாலையில் இரவுக் கடமையிலோ, மகாஇலுப்பள்ளமயில் பயிர்களுக்கிடையிலோ, விடுமுறைக்குச் சென்ற அட்டன் தோட்டத்து வீட்டிலோ இருக்கக்கூடும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது வாசகர் அனைவரும் இந்நிலையை அடைந்தனர். எனவே, வெளியே இருக்கும் வாசகருக்கு வழி திறந்து கொடுப்பதைக் கணினிப் பிரிவின் உதிரி வேலையாகக் கருதாது, தமது முதன்மைக் கடமைகளுள் ஒன்றாக நூலகர் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

இதற்கு முதலில் தடையின் இயல்பை அறிதல் அவசியம். இணையத்தில் இணையும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் எண் உண்டு. சந்தா பெற்ற பல்கலைக்கழகத்தின் முகவரிகளைப் பதிப்பகம் குறித்து வைத்திருப்பதால், வளாகத்திலிருந்து வரும் வேண்டுகோளுக்குக் கடவுச்சொல் கேளாமலே கட்டுரையைத் தருகிறது. அதே மாணவர் வீட்டிலிருந்து கைத்தொலைபேசி டேட்டாவில் தேடினால், முகவரி தொலைபேசி நிறுவனத்துக்குரியதாக இருப்பதால், அவரை அடையாளங்காணாது பணம் கேட்கிறது. இத்தடையை நீக்கும் வழிகளுள் ஒன்று புரொக்சி எனப்படும் பதிலிச் சேவையகம்: வாசகர் தம் பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்த பின்னர், அது வளாக முகவரியுடன் பதிப்பகத்தை அணுகிக் கட்டுரையைப் பெற்றுத் தருகிறது. மற்றொன்று கூட்டு அடையாள முறை: பதிப்பகம் வாசகரை அவரது பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்ப, பல்கலைக்கழகம் அவர் தம் உறுப்பினர் என உறுதிசெய்கிறது, கடவுச்சொல் பதிப்பகத்தின் கைக்குச் செல்வதில்லை. இலங்கையில் இவ்வாறான கூட்டமைப்பை, பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான 'லேர்ன்' நடத்துகிறது.

வளாகத்துக்குள் அமர்ந்திருக்கும் நூலகருக்கு எல்லாம் திறப்பதால், வெளியில் உள்ளவர் சந்திக்கும் தடை அவர் கண்ணில் படுவதில்லை. ஆகவே புதிய தரவுத்தளம் ஒன்று வந்தவுடன் கைத்தொலைபேசியின் வைஃபையை நிறுத்திவிட்டு, சாதாரண டேட்டாவில், மாணவர் ஒருவரைப் போலத் தேடிப் பார்த்தல் நன்று. 'திறக்கவில்லை' என்று வாசகர் கூறும் ஒரே சொல்லுக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்: அந்த இதழுக்குச் சந்தாவே இல்லாதிருக்கலாம், சந்தா இருந்தும் அண்மைய ஆண்டுகள் அதில் அடங்காதிருக்கலாம், கணக்கு காலாவதியாகியிருக்கலாம், அல்லது கூகுள் ஸ்கொலரில் கிடைத்த இணைப்பை வாசகர் நேரடியாகத் திறந்ததால், அது பதிலிச் சேவையகத்தினூடாகச் செல்லாது போயிருக்கலாம். எது காரணம் எனக் கண்டறியாமல் 'மீண்டும் முயலுங்கள்' எனப் பதில் எழுதுவது உதவியாகாது. வழிகாட்டிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதும் போதாது. தமிழிலும் சிங்களத்திலும் அவை எழுதப்பட்டால், முதலாம் ஆண்டு மாணவரும் கேட்கத் தயங்காமல் பயன்படுத்துவர்.

சந்தா உடன்படிக்கையின் வரம்புகளையும் நூலகர் எடுத்துரைத்தல் வேண்டும். உடன்படிக்கைகள் பெரும்பாலும் தற்போதைய மாணவரையும் பணியாளரையுமே உரிமையுடையோராகக் கொள்கின்றன. பட்டம் பெற்று வெளியேறியவருக்குத் தொலைவிலிருந்து அணுகும் உரிமை பொதுவாக நீடிப்பதில்லை. ஒருவர் கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுத்து, அவர் இதழ்களை மொத்தமாகப் பதிவிறக்கினால், பதிப்பகம் பதிலிச் சேவையகத்தின் முகவரியையே தடைசெய்யக்கூடும். அப்போது தவறேதும் செய்யாத பீடங்களின் வாசகரும் வழியிழப்பர். இக்காரணத்தை விளக்கிச் சொல்லும்போது விதி தண்டனையாகத் தோன்றாது.

சந்தா இல்லாத இடத்திலும் நூலகரின் பணி முடிந்துவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய 'ஹினாரி', வளரும் நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வழங்குகிறது. இலங்கையின் ஆய்விதழ்களை 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்திலும், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிமத் தளத்திலும் எவரும் எங்கிருந்தும் வாசிக்கலாம். பேராதனை நூலகராயிருந்த இயன் குணதிலக்க இலங்கை பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் தேடித் தொகுத்த விரிவான நூற்பட்டியலின் முதலிரு தொகுதிகள் 1970இல் வெளிவந்தன. தம் அலுமாரியில் உள்ளவற்றோடு நில்லாது, வேறெங்கு என்ன இருக்கிறது என்பதையும் அறிந்து சொல்லும் அந்த மரபே இன்றைய நூலகருக்கும் உரியது.

பெருந்தொகை செலவிட்டு வாங்கிய இதழ், உரிமையுள்ள வாசகர் ஒருவருக்கு அவர் இருக்குமிடத்தில் கிடைக்கவில்லையெனில், அவரைப் பொறுத்தவரை நூலகம் அதை வாங்கவே இல்லை. ஆதலால் இளம் நூலகர் தம் முதல் வாரத்திலேயே வளாகத்துக்கு வெளியே நின்று ஒவ்வொரு தரவுத்தளத்தையும் திறந்து பார்த்து, திறக்காதவற்றைப் பட்டியலிட்டு, அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும்.