லெசித்தின்: வாங்குமுன் அறிய வேண்டியவை



வார்டுகளில் நோயாளிகளைச் சந்திக்கும்போது, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளோடு வேறு சில பாட்டில்களும் கட்டிலருகே இருப்பதைப் பார்ப்பதுண்டு. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் அன்போடு அனுப்பியவை அவை. அவற்றுள் ஒன்று லெசித்தின். "ஐயா, இது கொழுப்பைக் கரைக்குமாமே? ஞாபக சக்தி தருமாமே? ஈரலைச் சுத்தம் செய்யுமாமே?" என்று கேட்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல. எனினும் இக்கேள்விகள் பலருக்கும் இருப்பதால், இவ்விதழில் இதையே நம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. லெசித்தின் என்பது என்ன?

பிரான்ஸ் தேசத்து வேதியியலறிஞர் தியோடர் கோப்லே என்பவர் 1840களில் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். மஞ்சள் கருவுக்குக் கிரேக்க மொழியில் 'லெகித்தோஸ்' என்று பெயர். அதிலிருந்தே 1850இல் 'லெசித்தின்' என்று பெயரிட்டார்.

தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று சேராது என்பது நமக்குத் தெரியும். லெசித்தினின் ஒரு முனை தண்ணீரோடும் மறுமுனை எண்ணெயோடும் ஒட்டும் தன்மையுடையது. ஆகவே அது இரண்டுக்கும் நடுவே நின்று அவற்றைச் சேர்த்து வைக்கிறது. பிஸ்கட், சாக்லேட் உறைகளில் 322 என்ற எண்ணைப் பார்த்தால், அது லெசித்தின் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஒரு வேறுபாட்டை இங்கேயே மனதில் வைக்க வேண்டும். அறிவியல் நூல்களில் லெசித்தின் என்றால் பெரும்பாலும் பாஸ்படிடைல்கோலின் என்ற ஒரே பொருளைக் குறிக்கும். கடையில் விற்கும் லெசித்தினோ, சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரியும் பசையிலிருந்து செய்யப்படும் ஒரு கலவை. அதில் பாஸ்படிடைல்கோலின் ஒரு பங்கு மட்டுமே.

2. சரீரத்தில் அதன் வேலை

நம் சரீரத்தின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு பெரிதும் இவ்வகைக் கொழுப்புகளால் ஆனது. பித்தநீரில் உள்ள கொலஸ்ட்ரால் கல்லாக உறையாமல் கரைந்திருக்கவும் இது துணைசெய்கிறது. இதில் அடங்கியுள்ள கோலின் என்ற சத்திலிருந்தே, நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் உண்டாகிறது.

ஈரலுக்கு இது எவ்வளவு அவசியம் என்பது டொரன்டோ பல்கலைக்கழகத்தில் தெரியவந்தது. 1921இல் அங்கே இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டபின், கணையம் நீக்கப்பட்ட நாய்களை இன்சுலின் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார்கள். ஆனால் சில மாதங்களில் அவற்றின் ஈரலில் கொழுப்பு நிறைந்தது. லெசித்தின் கொடுத்தபோது அது தடுக்கப்பட்டது. லெசித்தினுள் இருக்கும் கோலினே அந்த வேலையைச் செய்கிறது என்று 1932இல் சார்லஸ் பெஸ்ட்டும் அவருடைய உடன் ஆய்வாளரும் காட்டினார்கள். ஈரல் தன் கொழுப்பைப் பொதிகட்டி இரத்தத்திற்கு அனுப்ப லெசித்தின் வேண்டும். அது இல்லாவிட்டால் கொழுப்பு உள்ளேயே தங்கிவிடும்.

நுரையீரலிலும் இதற்குப் பங்குண்டு. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி அவற்றின் உட்புறத்தில் ஒரு பூச்சு இருக்கிறது. அதன் முக்கியப் பொருள் ஒருவகை லெசித்தினே. குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிடத் திணறுவது இந்தப் பூச்சு போதாததால்தான் என்பதை 1959இல் மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவரும் உடன் ஆய்வாளரும் வெளிப்படுத்தினார்கள். 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா அந்தப் பூச்சுப் பொருளைக் குழந்தைகளின் நுரையீரலுக்குள்ளேயே செலுத்திப் பலன் கண்டார். இப்படிச் சொல்வதால், கர்ப்பிணிகள் லெசித்தின் சாப்பிட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அப்படி நடப்பதில்லை. அதற்கு மருத்துவர் தாய்க்குப் போடும் ஊசி வேறு.

3. எவ்வளவு தேவை? எதில் கிடைக்கும்?

லெசித்தினை நம் சரீரமே தயாரித்துக்கொள்கிறது. ஆனால் கோலின் முழுவதையும் அது தானாகவே உண்டாக்க முடியாது. ஆகவே 1998இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் கோலினை அவசியச் சத்துகளில் ஒன்றாகச் சேர்த்து, நாளொன்றுக்கு ஆண்களுக்கு 550 மி.கி., பெண்களுக்கு 425 மி.கி., கர்ப்பிணிகளுக்கு 450 மி.கி., பாலூட்டும் தாய்மாருக்கு 550 மி.கி. என்று அளவு குறித்தது.

ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 147 மி.கி. கோலின் இருக்கிறது; அது மஞ்சள் கருவில்தான். வறுத்த சோயா அரைக் கோப்பையில் 107, ஒரு கோப்பைப் பாலில் 43, வேகவைத்த ராஜ்மா அரைக் கோப்பையில் 45, கால் கோப்பை நிலக்கடலையில் 24 மி.கி. கிடைக்கும். மாட்டீரல் 85 கிராமில் 356 மி.கி. உண்டு. இரண்டு முட்டையும் இரண்டு கோப்பைப் பாலும் சாப்பிடுகிற ஒரு பெண்ணுக்கு 380 மி.கி. வந்துவிடுகிறது. மீதியைப் பருப்பும் காய்கறியும் நிரப்பிவிடும்.

4. சொல்லப்படும் பலன்கள் உண்மைதானா?

'கொழுப்பைக் கரைக்கும்' என்ற பேச்சு, கிண்ணத்தில் நடப்பது இரத்தக் குழாயிலும் நடக்கும் என்ற எண்ணத்தில் எழுந்தது. நாம் விழுங்கும் லெசித்தினைக் கணையநீர் குடலிலேயே பிரித்துவிடுகிறது. அது முழு வடிவில் இருதயக் குழாய்க்குப் போய் அங்குள்ள அடைப்பைக் கழுவுவதில்லை. முந்தைய ஆய்வுகளையெல்லாம் 1989இல் திரும்பப் பார்த்த நெதர்லாந்து ஆய்வாளர்கள், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் தனிச்சக்தி லெசித்தினுக்கு இருப்பதாகச் சான்று இல்லை என்று முடிவுசெய்தார்கள்.

மறதி நோய்க்கும் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, அந்நோயாளிகளுக்கு லெசித்தினால் தெளிவான நன்மை இல்லை என்றே கூறியது.

டொரன்டோ செய்தியைக் கேட்டு, ஈரலில் கொழுப்பு உள்ளவர்கள் ஆவலோடு பாட்டிலைத் தேட வேண்டாம். இன்று நாம் அதிகமாகக் காணும் ஈரல் கொழுப்பு பெரும்பாலும் உடல் பருமன், சர்க்கரை நோய், மதுப்பழக்கம் இவற்றால் வருவது. அதற்கு மருந்து எடைக்குறைப்பும் நடையும் மதுவை விடுவதுமே. தாய்மாருக்கு அடிக்கடி பால் கட்டிக்கொண்டால் லெசித்தின் கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் அதற்கும் உறுதியான சான்று குறைவு.

லெசித்தினால் பெருந்தீங்கு வருவது அரிது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. "இதுதான் கொழுப்பைப் பார்த்துக்கொள்கிறதே" என்று மருத்துவர் தந்த கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரையை நிறுத்தினால் அன்றே வலி வராது. ஆகவே எல்லாம் நன்றாயிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். மாரடைப்பு வரும்போதுதான் தெரிகிறது.

5. வாங்குவதானால் கவனிக்க வேண்டியவை

முட்டையும் பாலும் சேர்க்காதவர்கள், மிகக் குறைவாகச் சாப்பிடும் முதியோர் போன்றவர்களுக்கு மருத்துவரே இதைச் சொல்லலாம். அப்போது:

(அ) முகப்பில் உள்ள பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். பின்புறத்தில் பாஸ்படிடைல்கோலின் எவ்வளவு என்று பாருங்கள். அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே கோலின். 1200 மி.கி. காப்ஸ்யூல் ஒன்றில் பாஸ்படிடைல்கோலின் 180 மி.கி. என்றிருந்தால், கோலின் சுமார் 23 மி.கி. மட்டுமே. ஒரு முட்டைக்கு ஈடாக ஆறு காப்ஸ்யூலுக்கு மேல் விழுங்க வேண்டும்! அளவே குறிக்காத பாட்டிலை வைத்துவிட்டு வாருங்கள்.

(ஆ) எண்ணெய் நீக்கிய துகள்களில் சத்தின் பங்கு அதிகம். 10 கிராமில் பாஸ்படிடைல்கோலின் 2000 மி.கி. இருந்தால், கோலின் சுமார் 250 மி.கி. கிடைக்கும். ஆனால் இதுவும் கொழுப்பே. எடை குறைக்க முயல்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

(இ) சோயா ஒவ்வாதவர்கள் சூரியகாந்தி லெசித்தினைக் கேட்கலாம். முட்டை ஒவ்வாதவர்கள் முட்டை லெசித்தினைத் தவிர்க்க வேண்டும். சைவ உணவுக்காரர்கள் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கட்டும். காப்ஸ்யூலின் கூடு ஜெலட்டினாக இருக்கக்கூடும்.

(ஈ) காலாவதித் தேதியைப் பாருங்கள். சிக்குவாடை அடித்தால் எறிந்துவிடுங்கள். நன்றாக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

(உ) அதிகம் நல்லது என்று எண்ணாதீர்கள். பெரியவர்களுக்குக் கோலினின் உச்ச வரம்பு நாளுக்கு 3500 மி.கி. அதற்கு மேல் போனால் உடலில் மீன்வாடை, வியர்வை, வாந்தி, இரத்த அழுத்தக் குறைவு உண்டாகலாம். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் கோலினிலிருந்து உண்டாக்கும் ஒரு பொருள் இருதய நோயோடு தொடர்புடையதாயிருக்கலாம் என்று 2011 முதல் ஆய்வுகள் வந்துள்ளன.

(ஊ) மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பாட்டிலையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். அதைக் காட்ட வெட்கப்பட வேண்டாம்.

சிந்திக்க

1. என் வீட்டில் இன்று இருக்கும் பாட்டில்களில், மருத்துவருக்குத் தெரியாதது எது?
2. அவற்றிற்கு மாதந்தோறும் செலவாகும் பணத்தில் எத்தனை முட்டையும் பாலும் வாங்கலாம்?
3. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் "என்ன அனுப்பட்டும்?" என்று கேட்டால், இனி என்ன பதில் சொல்வேன்?

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. பாட்டிலுக்குப் பதிலாக, வருடத்துக்கு ஒருமுறை பெற்றோருக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி, அதன் முடிவைத் தொலைபேசியில் கேட்டு அறிந்துகொள்ளட்டும். பிள்ளைகளின் அக்கறை அதில் இன்னும் நன்றாகப் பயன்படும்.