பதில் வராத குறிப்பு

அன்புள்ள தங்கைக்கு,

அலுவலக எழுத்தையும் சுற்றுச்சூழல் விவாதங்களையும் ஆராயப் போகிறேன் என்று நீ சொன்னதும், ஆபீஸ் காகிதத்தில் ஆராய என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்களாமே. அவர்களுக்குத் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின் கதையைச் சொல்.

1977 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோவிலுள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட்டது. உலையிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அளவுகாட்டியிலோ நீர்மட்டம் ஏறுவதாகத் தெரிந்தது. அதை நம்பி ஊழியர்கள் அவசரக் குளிர்நீரை நிறுத்தினார்கள். அன்று பெரிய சேதமில்லை. ஆனால் உலையை வடிவமைத்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு ஆபத்து புரிந்துவிட்டது. நவம்பரில் ஒருவரும், 1978 பிப்ரவரியில் பெர்ட் டன் என்பவரும், குளிர்நீரை எப்போது நிறுத்தலாம் என்று எல்லா நிலையங்களுக்கும் அறிவுறுத்தச் சொல்லிக் குறிப்பு எழுதினார்கள். வாடிக்கையாளர்களுடன் தொடர்பிலிருந்த பிரிவுக்கு வேறொரு கவலை: நிறுத்தாமல் விட்டால் அமைப்பு முழுக்க நீர் நிரம்பி வேறு பழுது வருமே! ஆகஸ்டில் அவர்களும் அதைக் குறிப்பாக எழுதிக் கேட்டார்கள். விஷயம் அங்கேயே தேங்கியது.

1979 மார்ச் 28. பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் அப்படியே ஒரு வால்வு மூடவில்லை. அங்கும் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலையின் மையம் பாதியளவு உருகியது.

எழுதத் தெரியாததால் நடந்த விபத்து என்று இதைச் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. கார்ல் ஹெர்ண்டில், பார்பரா ஃபென்னல், கரோலின் மில்லர் மூவரும் 1991-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தக் குறிப்புகளைச் சாலஞ்சர் விண்கல விபத்தின் ஆவணங்களோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். வாக்கியத் தெளிவோடு அவர்கள் நிற்கவில்லை. பிரிவுகள் எப்படிப் பிரிந்திருந்தன, எந்தக் குழு எதைச் சான்றாக ஏற்றது என்பதுவரை போனார்கள். அதே ஹெர்ண்டில்தான் 1996-இல் ஸ்டூவர்ட் பிரவுனுடன் சேர்ந்து ‘கிரீன் கல்ச்சர்’ என்ற சுற்றுச்சூழல் சொல்லாட்சிக் கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆகவே உன் இரண்டு விருப்பங்களும் ஒரே துறைக்குள் அடங்கும். ‘மௌன வசந்தம்’ என்ற சுற்றுச்சூழல் நூலை எழுதிய ரேச்சல் கார்சனும் பல ஆண்டுகள் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையில் அரசு வெளியீடுகளை எழுதித் திருத்தியவர்தான்.

படிப்பு தொடங்குமுன், திரீ மைல் ஐலண்ட் விபத்தை விசாரித்த கெமனி ஆணையத்தின் அறிக்கையை வாசி. 1979 அக்டோபரில் வந்தது. மொழிநடையைப் பற்றி எதுவும் எழுதிவிடாதே. முதலில் ஒரு தாளில் படம் போடு: எந்தக் குறிப்பு யாரிடமிருந்து யாருக்குப் போனது, பதில் சொல்லவேண்டியவர் யார், அவருக்கு அன்று வேறென்ன பொறுப்பு இருந்தது. போட்டதும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா