க்ரூகரில் கூடாரமா? காலை நடைக்கும் பதியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள், இடம் பதியும்போதே காலை நடைக்கும் பதிந்துவிடுவது நல்லது. ஒரு குழுவில் 8 பேருக்குத்தான் இடம். துப்பாக்கியுடன் இரண்டு வழிகாட்டிகள் வருவார்கள். காரிலிருந்து யானையைப் பார்ப்பதைவிட அதன் தடத்தைக் குனிந்து பார்ப்பது பெரிய அனுபவம், தவறவிடாதீர்கள். இணையத்தில் இடமில்லையா? முகாமில் இறங்கியதும் வரவேற்பறையில் கேளுங்கள். யாராவது ரத்து செய்திருக்கலாம்.

நடை புறப்படும் முகாமிலேயே தங்குங்கள். இருட்டோடு கிளம்புவார்கள், வேறு முகாமிலிருந்து வாசல் திறந்து வருவதற்குள் குழு போய்விடும். 12 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. பெற்றோர் ஆளுக்கொரு நாளாகப் பதியலாம். உடை காக்கியோ மங்கிய பச்சையோ இருக்கட்டும். மலேரியா உள்ள பகுதி. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.