வாய்க்காலைத் தூர்ந்துபோக விடாதே

பேராவூரணி,
ஆகஸ்ட் 20

அன்பு மகளுக்கு,



நேற்று போனில் நீ அழுததிலிருந்து பெரியம்மாவுக்குத் தூக்கமில்லை. பேசினால் நானும் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பெங்களூரிலிருந்து வந்த உன் பிள்ளை, "பூசைக்கு வரலம்மா, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை" என்று சொல்லிவிட்டான். புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைச் சட்டை இன்னும் பீரோவில் இருக்கிறதே என்றாய். என் மூத்தவன் கோவில் படி ஏறிப் பதினோரு வருஷம் ஆகிறது, தாயே.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன். என் மூத்தவனும் அப்படிச் சொன்ன அன்றைக்கு, "இனி என் முகத்தில் விழிக்காதே" என்றேன். இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கே வரவில்லை. கோவிலை விட்டது அவன். வீட்டை விடவைத்தது நான்.

புனித மோனிக்காவும் முதலில் இதைத்தான் செய்தார். மகன் அகுஸ்தீன் மானிக்கேயர் என்ற வேறு சமயக் கூட்டத்தோடு சேர்ந்ததும், வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவிடவில்லை. பிறகுதான் மனம் இளகிச் சேர்த்துக்கொண்டார். பிள்ளையிடம் பேசித் திருத்துங்கள் என்று ஓர் ஆயரிடம் கெஞ்சினார். அவரோ, இப்போது வாதாடிப் பயனில்லை, அவனை விட்டுவிட்டுச் செபம் செய் என்று அனுப்பிவிட்டார். மகன் ரோமுக்குக் கப்பலேறக் கூடாது என்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் புனித சிப்ரியான் கோவிலில் இராமுழுதும் செபித்தார். மகன் பொய் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். ஆனால் அப்படிப் போனவன்தான் பிறகு மிலானுக்குப் போய், ஆயர் அம்புரோஸின் பிரசங்கத்தைக் கேட்டான். 387-ஆம் ஆண்டு பாஸ்காவில் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றபோது அகுஸ்தீனுக்கு வயது 32. மோனிக்கா கண் மூடியதும் அதே ஆண்டில்தான். அன்றிரவு தாய் கேட்டபடி நடந்திருந்தால், மகன் அந்தக் கரையிலேயே நின்றிருப்பான்.

நீயும் கடைமடையில் பிறந்தவள். ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்தால் மறுநாளே நம் வயலில் தண்ணீர் நிற்குமா? கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள். அங்கிருந்து கால்வாயில் இறங்கி இங்கே வந்து சேர இன்னும் எத்தனையோ நாள். அணையைத் திறப்பது நம் கையில் இல்லை. வாய்க்காலைத் தூர்வாரி வைப்பது மட்டுமே நம் வேலை. தூர்ந்து கிடந்தால், வந்த தண்ணீரும் வயலுக்கு ஏறாது.

ஆகையால், பிள்ளைக்குப் போன் செய்தால் பூசைக்குப் போனாயா என்று கேட்காதே. சாப்பிட்டாயா என்று கேள். அவன் காதில் விழவேண்டும் என்றே செபமாலையைச் சத்தமாகச் சொல்லாதே. அன்பியக் கூட்டத்தில் அவன் பேரைச் சொல்லி அழாதே. ஊர் வாயில் விழுந்த பிள்ளை ஊருக்கு வரவே கூசுவான். பூசைக்கு எழுதிக் கொடு, அது போதும். அவன் சொல்லும் காரணத்தையும் காதுகொடுத்துக் கேள். "கோவிலுக்குள்ளேயும் சாதி பார்க்கிறீர்களே" என்று என் மகன் கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. அன்றிலிருந்து அவனுக்காகச் செபிக்கும்போதெல்லாம் எனக்காகவும் சேர்த்துச் செபிக்கிறேன்.

27 மோனிக்கா திருநாள், 28 அகுஸ்தீன் திருநாள், 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம். பாதயாத்திரைக்காரர்கள் தஞ்சாவூரில் உன் வாசல் வழியாகத்தானே நடப்பார்கள்? வழக்கம்போல் மோர் கரைத்து வை. பிள்ளை ஊரில் இருந்தால் அவனையே ஊற்றிக் கொடுக்கச் சொல். அதற்கு அவன் மாட்டேன் என்று சொல்ல மாட்டான்.

என் மூத்தவன் இன்னும் பூசைக்கு வரவில்லை. ஆனால் போன மாதம் என்னைப் பூண்டி மாதா கோவிலுக்கு அவனே காரில் கூட்டிப்போனான். நான் உள்ளே முழந்தாளிட்டிருந்த நேரமெல்லாம் வாசலில் என் செருப்புக்குக் காவலாக நின்றான்.

ஆசீருடன்,
உன் பெரியம்மா