பேசும் முதலுதவிப் பெட்டி



பள்ளி அலுவலகங்களிலும், தோட்ட அலுவலகங்களிலும், சில வீடுகளின் அலமாரிகளிலும் முதலுதவிப் பெட்டி ஒன்று இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். நாள்தோறும் அதைக் கடந்து செல்கிறோம். ஆயினும், அதைத் திறந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? திறந்து பார்த்தவருள், உள்ளேயிருக்கும் பொருள்களின் பயனை அறிந்தவர் எத்தனை பேர்? பெட்டி இருந்தும் அதைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால், அஃது இருந்தும் இல்லாததே ஆகும். பயிற்சி பெறாதவரும் எளிதில் பயன்படுத்தும் வண்ணம் அப்பெட்டியை எவ்வாறு மாற்றி அமைக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வருபவர் யார்?

1988ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், பட்டர்வொர்த் பெரி படகுத் துறையில் மக்கள் திரண்டு நின்றிருந்த மேடை இடிந்து விழுந்தது. 32 பேர் உயிரிழந்தனர். 1,600க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நம் பினாங்கு மாநிலம் மறக்க முடியாத துயரம் அது. இத்தகைய பெரு விபத்தாயினும், அடுக்களையில் நேரும் சிறு விபத்தாயினும் ஓர் உண்மை மாறுவதில்லை. காயம்பட்டவரிடம் முதலில் வந்து சேர்பவர் மருத்துவர் அல்லர், தாதியும் அல்லர். அருகில் நிற்பவரே முதலில் வருபவர். அவர் தாயாக இருக்கலாம். உடன் வேலை செய்யும் தோழராக இருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் பயிலும் மாணவராகவும் இருக்கலாம்.

முற்காலத்தில் பெரிய தோட்டங்களில் மருந்தகமும், அதில் 'டிரஸர்' என்று நம் மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளரும் இருந்தனர். கையை வெட்டிக்கொண்டவர் அவரிடம் ஓடுவார்; அவர் புண்ணைக் கழுவிக் கட்டுவார். இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. வேறு பல தோட்டங்கள் வீடமைப்பு இடங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சியுள்ள இடங்களில் வேலை செய்வோருக்கு மருத்துவமனை சற்றுத் தொலைவிலேயே உள்ளது. ஆகவே, அருகில் நிற்பவரின் பொறுப்பு முன்னிலும் பெரிதாகிவிட்டது. அவருக்குத் துணையாக இருப்பது அந்தச் சிறு பெட்டி ஒன்றே.

பெட்டி நமக்குக் கற்பிக்கும் மூன்று பாடங்கள்

முதலுதவிப் பொருள்களின் வரலாற்றில் நாம் அறிய வேண்டிய நிகழ்ச்சிகள் மூன்று உள்ளன.

முதலாவது, ஜெர்மனி நாட்டின் கீல் நகரில் வாழ்ந்த பிரெடரிக் எஸ்மார்க் என்னும் அறுவை மருத்துவரின் பணி. சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்னர் அவர் முக்கோண வடிவமான கட்டுத்துணியைப் போர் வீரர்களிடையே பரப்பினார். தலை, கை, கால், தோள் என ஒவ்வோர் உறுப்பிலும் அத்துணியை எப்படிக் கட்டுவது என்பதை விளக்கும் படங்கள் அத்துணியின் மீதே அச்சிடப்பட்டிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத வீரனும் படத்தைப் பார்த்துத் தன் தோழனுக்குக் கட்டுப்போட முடிந்தது. செய்முறை தனிப் புத்தகத்தில் இல்லாமல் பொருளின் மீதே இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இரண்டாவது நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. அங்கு மலைகளையும் பாலை நிலங்களையும் கடந்து இருப்புப்பாதை அமைத்த தொழிலாளர்கள், மருத்துவ வசதி எட்டாத இடங்களில் காயமுற்றனர். அவர்களை மனத்திற்கொண்டு 1888இல் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் முதலுதவிப் பெட்டிகளைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்கு, எவ்வகைக் காயம் நேருமோ, அங்கு அதற்குரிய பொருள் இருக்க வேண்டும் என்பதே இரண்டாம் பாடம்.

மூன்றாவது, ஒரு வீட்டின் அடுக்களையில் பிறந்தது. 1920இல் அதே நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் செய்யும் பணியிலிருந்தவர் எர்ல் டிக்சன். அவருடைய மனைவி ஜோசபின் சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். கணவர் வேலைக்குச் சென்றபின் அவரே ஒரு கையால் துணியை வெட்டி, ஒட்டி, கட்டுப்போட வேண்டியிருந்தது. ஆகவே டிக்சன் நீண்ட ஒட்டுநாடாவில் இடைவெளி விட்டுத் தூய துணித் துண்டுகளை முன்னதாகவே வைத்து மூடிவைத்தார். வேண்டியபோது ஒரு துண்டை வெட்டி ஒட்டிக்கொண்டாற் போதும். நாம் இன்று 'பிளாஸ்டர்' என்று கடையில் வாங்குவது இதன் வழிவந்ததே. தனித்திருப்பவரும், ஒரு கை மட்டும் உதவும் நிலையில், பயன்படுத்தக்கூடியதாகப் பொருள் இருக்க வேண்டும் என்பது மூன்றாம் பாடமாகும்.

நம் பெட்டியின் குறை யாது?

கடையில் வாங்கும் பெட்டிகள் பலவற்றில் பொருள்கள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். கட்டுத்துணிகள் ஒரு புறம், ஒட்டுநாடா ஒரு புறம், கத்தரிக்கோல் அடியில். பயிற்சி பெற்றவருக்கு இது போதும். ஏனெனில், எதை முதலில் எடுப்பது என்பதை அவர் அறிவார். பயிற்சி இல்லாதவரோ அவ்வாறு எண்ணுவதில்லை. "இரத்தம் கொட்டுகிறதே, என்ன செய்வது?" என்பதே அவர் உள்ளத்தில் எழும் கேள்வி. பெட்டியோ, "என்னிடம் பத்து வகைத் துணிகள் உள்ளன" என்று விடை கூறுகிறது. கேள்வி ஒன்று, விடை வேறொன்று! பதறும் கைகள் எல்லாவற்றையும் கீழே கொட்டிவிடுகின்றன.

ஆகவே, பெட்டியைப் பொருள்வாரியாக அன்றி, காயம்வாரியாக அடுக்குதல் வேண்டும். இதுவே நாம் செய்ய வேண்டிய தலையாய மாற்றம்.

ஐந்து பைகள்

ஒளி ஊடுருவும் ஐந்து பிளாஸ்டிக் பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மீதும் எண், படம், நிறம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் உண்டு. எனவே நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளைச் சேர்ந்தோரும் வேலை செய்கின்றனர். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. படம் எல்லார்க்கும் தெரியும். பையினுள் முதலில் எடுக்க வேண்டிய பொருள் மேலே இருக்க வேண்டும். செய்முறை மூன்று வரிகளுக்கு மிகாமல் அட்டையில் எழுதப்பட வேண்டும்.

முதல் பை, பெரிய வெட்டுக்காயத்திற்கு உரியது. செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அரிவாளும், பால்மரம் சீவும் கத்தியும் எத்துணைக் கூரியவை என்பதை நம் பெற்றோர் அறிவர். கையுறை, தடித்த தூய துணி மடிப்பு, சுருள் கட்டுத்துணி ஆகியவை இதில் இருக்கட்டும். அட்டையில், "துணியை வைத்து அழுத்துக. பத்து நிமிடம் கையை எடுக்காதே. பின்னர்க் கட்டுக" என்று எழுதுங்கள். உடலில் ஏதேனும் குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அதன் இரு பக்கங்களிலும் அழுத்த வேண்டும்.

இரண்டாம் பை, தீப்புண்ணுக்கு உரியது. "20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டுக" என்பதே அட்டையின் முதல் வரி. அதன்பின் புண்ணை மூட, உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இதில் இருக்கட்டும். பற்பசை, மஞ்சள்தூள், காப்பித்தூள், கிச்சாப்பு ஆகிய எதையும் தீப்புண்ணில் பூசுதல் கூடாது. பனிக்கட்டியும் வைத்தல் ஆகாது.

மூன்றாம் பை, கண்ணுக்கு உரியது. ரப்பர்ப் பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலமும், பயிருக்குத் தெளிக்கும் மருந்தும் கண்ணில் பட்டால் தாமதம் பெருந்தீங்காகும். கண் கழுவும் உப்புநீர்ப் புட்டி இதில் இருக்கட்டும். அது தீர்ந்தால் குழாய் நீரே போதும். "இமையைத் திறந்து பிடி. 20 நிமிடம் கழுவு. மருத்துவமனைக்குச் செல்" என்பவை மூன்று வரிகள்.

நான்காம் பை, எலும்பு முறிவுக்கும் பாம்புக்கடிக்கும் உரியது. இவ்விரண்டிலும் முதற்கடமை ஒன்றே: உறுப்பை அசையாமல் வைத்தல். முக்கோணக் கட்டுத்துணிகள் இரண்டும் ஊக்குகளும் இதில் வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது ஆகிய மூன்றும் தவறு. மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, அவரை நடக்க விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்க முயல வேண்டா.

ஐந்தாம் பை, சிறு காயத்திற்கு உரியது. பிளாஸ்டர், சிறு துணித் துண்டுகள் ஆகியவை இதில் அடங்கும். அடிக்கடி திறக்கப்படுவது இந்தப் பையே. ஆதலால் இதனைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் தனியே மாட்டிவிடுங்கள். ஒரு பிளாஸ்டருக்காகப் பெட்டி முழுவதும் கலைக்கப்படாது. பெருங்காயத்திற்குரிய பைகள் முழுமையாக இருக்கும்.

மூடியும் பூட்டும்

மூடியின் உட்புறத்தில் 999 என்னும் அவசர எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். அதன் கீழே நீங்கள் இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் எழுதுங்கள். பதற்றத்தில் தன் வீட்டு எண்ணையே மறந்துபோவார் உண்டு. தோட்டமாயின், எந்தப் பிரிவு, எந்த நுழைவாயில், அருகில் என்ன அடையாளம் என்பவற்றையும் குறியுங்கள். தீவில் பினாங்கு பொது மருத்துவமனையும் பாலேக் பூலாவ் மருத்துவமனையும், பெருநிலப் பகுதியில் செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப், கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனைகளும் உள்ளன. இவற்றுள் உங்களுக்கு அருகிலுள்ளதன் பெயரும் தொலைபேசி எண்ணும் அங்கே இருக்கட்டும்.

பெட்டியைப் பூட்டி, திறவுகோலை ஒருவர் மட்டும் வைத்திருத்தல் கூடாது. அவர் விடுப்பில் சென்ற நாளிலும் விபத்து நேரலாம் அன்றோ? பூட்டத் தேவையில்லாதபடி, மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் இருப்பதே நன்று. ஒருவருக்கு நலம் தரும் மாத்திரை மற்றொருவருக்குத் தீங்காகலாம். மேலும், பெட்டியின் மீது பச்சை நிறத்தில் வெள்ளைச் சிலுவைக் குறியே இடுதல் வேண்டும். வெள்ளையில் சிவப்புச் சிலுவை, 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்படும் சின்னமாதலின், அதைப் பிறர் பயன்படுத்தலாகாது.

தொழிலாளரின் பாதுகாப்புக்கும் நலத்திற்கும் முதலாளியே பொறுப்பு என்று நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. ஆகவே, வேலையிடத்தில் உள்ள பெட்டி வெறுமையாக இருப்பின், அதை நிரப்பும்படி கேட்பதற்குத் தொழிலாளர் தயங்க வேண்டுவதில்லை.

பாட்டியிடம் ஒரு சோதனை

மாணவர்களே! பெட்டியை அடுக்கியபின் இச்சோதனையைச் செய்து பாருங்கள். அதை ஒருபோதும் திறந்திராத ஒருவரை, உங்கள் பாட்டியையோ அண்டை வீட்டு மாமாவையோ, அழைத்து வாருங்கள். "என் கையில் பெரிய வெட்டுக்காயம், உதவுங்கள்" என்று மட்டும் கூறுங்கள். வேறொன்றும் சொல்லாதீர்கள். ஒன்று முதல் முப்பது வரை எண்ணுங்கள். அதற்குள் அவர் சரியான பையை எடுத்துத் துணியை உங்கள் கையில் வைத்து அழுத்தினாரா?

இல்லையெனில், பாட்டியைக் குறை கூறாதீர்கள். குறை பெட்டியினுடையதே. அவர் கை எந்தப் பையை நோக்கிச் சென்றது, எந்தப் படம் விளங்கவில்லை, எந்த முடிச்சு அவிழவில்லை என்பவற்றைக் குறித்துக்கொண்டு மாற்றுங்கள். பின்னர் மற்றொருவரிடம் சோதியுங்கள். ஈரக் கையாலும், ஒரு கையாலும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பள்ளித் தவணையின் தொடக்கத்திலும் பொருள்களின் காலாவதி நாளைப் பாருங்கள், தீர்ந்தவற்றை நிரப்புங்கள்.

பயிற்சி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. வாய்ப்புள்ள ஒவ்வொருவரும் அதைப் பெறுதல் வேண்டும். ஆயினும், விபத்து நாம் பயிற்சி பெறும்வரை காத்திருப்பதில்லை.

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் மொழி. பதறுகின்ற வேளையில் பதறாதே என்று சொல்வது எளிது. அந்நேரத்தில் அடுத்துச் செய்ய வேண்டியதைக் காட்டும் ஒரு பெட்டியைக் கையில் கொடுப்பதே உண்மையான உதவி. இந்த விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் அத்தகைய பெட்டி ஒன்றை அமைப்பாராக! பழைய பிஸ்கட் டின்னும் ஐந்து பைகளும் இருந்தாற் போதும். அதைக் கொண்டு நம் வீட்டில் ஓர் உயிர் காக்கப்படலாம்.